யுத்த காலத்தில் பெண்கள் ஏற்ற உத்தியோகங்கள்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



விழாக் குழுவினர் நம்மிடம் இரண்டு தலைப்புகளைக் கொடுத்து, ஒன்றைத் தேர்ந்துகொள்ளச் சொன்னார்கள். ஒன்று, கம்பன் கண்ட சீதை. மற்றொன்று, யுத்த காலத்தில் ஆண்களின் வேலைகளைப் பெண்கள் ஏற்று நடத்திய வரலாறு. கம்பனைப் பற்றிப் பேச நமது சங்கத்தில் புலமை மிக்க ஆசிரியர்கள் இருக்கிறார்கள். ரயில்வே ஆபீஸில் மஸ்டர் ரோலும் லீவு ரிஜிஸ்தரும் எழுதுகிறவர்கள் அதில் கை வைப்பது முறையன்று. இரண்டாவது தலைப்பில் நமக்குச் சிறிது உரிமை உண்டு. அந்த வரலாற்றின் ஒரு முக்கியமான பகுதி ரயில்வேயில் நடந்தது.

இத்தலைப்பைத் தேர்ந்துகொண்டதற்கு வேறொரு காரணமும் உண்டு. நமது காலனிப் பெண்கள் இப்போது ஆண்பிள்ளைகளுக்குச் சமமாக ரயில்வேத் தேர்வுகளை எழுதுகிறார்கள். ஒரு பெண் புக்கிங் கிளார்க்காகத் தேர்வு பெற்றால் வீட்டில் பாயசம் வைக்கிறோம். அதே பெண் உதவி லோகோ பைலட்டாகவோ, தண்டவாளம் பராமரிக்கும் கேங்குக்கோ தேர்வு பெற்றால் முகம் சுருங்கி விடுகிறது. 'இது ஆண்பிள்ளை பார்க்கிற வேலை அல்லவா? பெண்ணுக்கு அடுக்குமா?' என்று தகப்பனாரும் கேட்கிறார், தாயாரும் கேட்கிறார், யாரும் அபிப்பிராயம் கேட்காத பக்கத்து வீட்டுக்காரரும் வந்து கேட்கிறார். இந்தக் கேள்வி புதியதன்று. நூறு ஆண்டுகளுக்கு முன்பே கேட்கப்பட்டது. செயலில் விடையும் கிடைத்தது. விடை கிடைத்த பிறகு அதை மூட்டை கட்டிப் பரணில் போட்டு விட்டார்கள். அந்தக் கதையைத்தான் இன்று சொல்ல விழைகிறோம்.

1914 ஆகஸ்டு 4 ஆம் தேதி பிரிட்டன் ஜெர்மனியின் மீது யுத்தப் பிரகடனம் செய்தது. அப்போது பிரிட்டிஷ் ரயில்வேக் கம்பெனிகளில் வேலை பார்த்த பெண்கள் சுமார் 13,000 பேர். ஸ்டேஷன் ஹோட்டல்களில் படுக்கை விரிப்பது, துணி வெளுப்பது, வண்டிகளுக்கான திரைச்சீலைகளைத் தைப்பது, பெண்கள் தங்கும் அறையைக் கவனிப்பது, ஆபீஸில் கொஞ்சம் தட்டெழுத்து, இவையே அவர்களுக்குக் கிடைத்த வேலைகள். லெவல் கிராசிங் கேட்டைத் திறந்து மூடும் பெண்கள் ஆங்காங்கே இருந்ததுண்டு. அது பெரும்பாலும் கணவன் கேங்கில் வேலை செய்ததால், குடியிருக்கும் வீட்டோடு சேர்ந்து வந்த வேலை.

யுத்தம் நீள நீள, 1,80,000க்கும் மேற்பட்ட ரயில்வே ஊழியர்கள் படைக்குப் போய்விட்டார்கள். வண்டிகளோ குறையவில்லை. துருப்புகள், குதிரைகள், பீரங்கிக் குண்டுகள், காயம் பட்டவர்கள் என்று பாரம் ஏறிக்கொண்டே போயிற்று. கம்பெனிகள் முதலில் ஓய்வு பெற்ற முதியவர்களைத் திரும்ப அழைத்தன, பையன்களைச் சேர்த்தன. அது போதாமற் போகவே பெண்களை அழைத்தன. 1918ல் ரயில்வேப் பெண்களின் தொகை 68,000ஐத் தாண்டியது. டிக்கெட் கொடுப்பது, டிக்கெட் வாங்கிச் சரிபார்ப்பது, பார்சல் ஏற்றி இறக்குவது, வண்டிப் பெட்டிகளைக் கழுவுவது, லோகோ ஷெட்டில் எஞ்சின் துடைப்பது, தொழிற்கூடங்களில் இயந்திரம் ஓட்டுவது என்று அவர்கள் நுழையாத பகுதி குறைவு.

1915 ஜூன் 6 ஆம் தேதி லண்டன் பாதாள ரயில்வேயில் மெய்டா வேல் என்னும் ஸ்டேஷன் திறக்கப்பட்டது. திறந்த அன்றே அங்கிருந்த ஊழியர் அனைவரும் பெண்கள். நம் தமிழர் பலர் வாழும் மும்பை மாதுங்கா ஸ்டேஷன் 2017 ஜூலையில் முழுவதும் பெண் ஊழியர்களைக் கொண்டு நடக்கத் தொடங்கியபோது, பத்திரிகைகள் அதைப் பெரிய புதுமை என்று எழுதின. புதுமைதான், சந்தேகமில்லை, ஆனால் அந்தப் புதுமைக்கு அப்போதே 102 வயது.

இங்கே குமாஸ்தாக்களாகிய நமக்கு மட்டுமே சுவாரசியமாகத் தோன்றக்கூடிய ஒரு விஷயத்தைச் சற்று விரித்துச் சொல்ல அனுமதி வேண்டுகிறோம். பெண்களுக்கு என்ன சம்பளம் கொடுப்பது என்ற பிரச்னை எழுந்தது. ரயில்வேத் தொழிலாளர்களின் தேசியச் சங்கம் அதுவரை பெண்களை அங்கத்தினராகச் சேர்த்ததில்லை. 1915ல் சேர்த்துக்கொண்டது. பெண்கள்மீது கொண்ட பரிவே அதற்குக் காரணம் என்று எண்ணிவிட வேண்டாம். குறைந்த கூலிக்குப் பெண்ணை வைத்து ஒரு வேலையை நடத்திப் பழகிவிட்டால், யுத்தம் முடிந்து திரும்பும் ஆணுக்கும் அந்தக் குறைந்த கூலியே நிலைத்துவிடும் என்ற அச்சமே பெரிய காரணம். ஆகவே 1915 ஆகஸ்டில் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. யுத்தத்துக்கு முன் பெண்கள் பார்த்திராத பதவிகளில் சேரும் பெண்ணுக்கு, அந்தப் பதவிக்குரிய ஆணின் ஆரம்பச் சம்பளத்தைக் கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

காகிதத்தில் இது சமநீதி போலத் தோன்றும். ஆனால் ஆரம்பச் சம்பளம் என்ற சொல்லைக் கவனியுங்கள். விலைவாசி ஏறியபோது ஆண்களுக்கு யுத்த போனஸ் என்ற பெயரில் தொகை கூடிக்கொண்டே போயிற்று. பெண்களுக்கு அது குறைவாகவே வந்தது. அடிப்படைச் சம்பளத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் படியில் பிடித்துக்கொள்வது எப்படி என்பதைச் சம்பளப் பில் எழுதுகிறவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

ரயில்வேயை விட்டுச் சற்று வெளியே போவோம். பீரங்கிக் குண்டுகளில் வெடிமருந்து நிரப்பும் தொழிற்சாலைகளில் லட்சக் கணக்கான பெண்கள் வேலை செய்தார்கள். அந்த மருந்தைத் தொட்டுத் தொட்டு அவர்களது தோலும் தலைமயிரும் மஞ்சளாகிவிட்டன. 'கானரிப் பெண்கள்' என்று மஞ்சள் குருவியின் பெயரால் ஊரார் அவர்களை அழைத்தனர். பெயர் அழகாக இருக்கிறது; ஈரல் கெட்டு இறந்தவர்களுக்கு அது அழகாக இருந்திராது. லீட்ஸ் நகருக்கு அருகே பார்ன்பௌ என்னும் இடத்திலிருந்த தொழிற்சாலைக்கு ஊழியர்களை ஏற்றிச் செல்வதற்கென்றே ஸ்பெஷல் வண்டிகள் ஓடின. 1916 டிசம்பர் 5 ஆம் தேதி இரவு ஷிப்டு தொடங்கிய சிறிது நேரத்தில் ஓர் அறையில் குண்டு வெடித்து 35 பெண்கள் மாண்டனர். யுத்த காலத் தணிக்கையால் அச்செய்தி அப்போது முறையாக வெளிவரவில்லை. போர்முனையில் மாண்டவன் பெயரைக் கல்லில் பொறித்தார்கள். இவர்கள் எங்கே, எவ்வாறு மாண்டார்கள் என்பதைக்கூட ஊரறியச் சொல்ல முடியாத நிலை.

இனி 1918 ஆகஸ்டில் லண்டனில் நடந்ததைக் கேளுங்கள். பஸ்களிலும் டிராம்களிலும் அப்போது பெண் கண்டக்டர்கள் நிறைந்திருந்தனர். ஆண் ஊழியர்களுக்கு வாரம் 5 ஷில்லிங் போனஸ் அளிக்கத் தீர்ப்பாயிற்று. பெண்களுக்கு இல்லை. அதே பஸ், அதே மாடிப்படி, அதே கூட்டம், அதே மழை. ஆகஸ்டு 17 ஆம் தேதி, சனிக்கிழமை, வில்ஸ்டன் பஸ் டிப்போவின் பெண்கள் முன்னறிவிப்பின்றி வேலையை நிறுத்தினார்கள். மறுநாளே வேறு டிப்போக்களும் சேர்ந்துகொண்டன. பிறகு லண்டனைத் தாண்டி ஹேஸ்டிங்ஸ், பாத், பிரிஸ்டல், பர்மிங்ஹாம் முதலிய ஊர்களுக்கும் பரவியது. பாதாள ரயில்வேப் பெண்களும் இறங்கினர். வேலை நிறுத்தத்தில் ஈடுபட்டவர்கள் சுமார் 18,000 பேர்.

முதலில் அவர்கள் கேட்டது போனஸ் மட்டுமே. நாலைந்து நாட்களில் கோரிக்கை வளர்ந்து, ஒரே வேலைக்கு ஒரே கூலி என்றாகிவிட்டது. யுத்தம் உச்சக்கட்டத்தில் இருந்த நேரம் அது. இந்நேரத்தில் வேலை நிறுத்தம் செய்வது தேசத் துரோகமன்றோ என்று கேட்டவர்களும் இருந்தனர். நியாயமான கேள்விதான். ஆனால் அதே நேரத்தில் 5 ஷில்லிங்கை மறுத்தது எந்த வகை தேசபக்தி என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. மாதம் முடிவதற்குள் போனஸ் கிடைத்துவிட்டது. சமக் கூலி கிடைக்கவில்லை. அதை ஆராய ஒரு கமிட்டி போட்டார்கள். ஒரு விஷயத்தை ஒத்திப்போட வேண்டுமானால் கமிட்டி போடுவது எல்லாத் தேசத்து சர்க்கார்களுக்கும் பொதுவான வழக்கம் போலும். அக்கமிட்டியில் இருந்த பீட்ரிஸ் வெப் அம்மையார் மட்டும், பெரும்பான்மையோரின் கருத்துக்கு உடன்படாமல், சமக் கூலியை ஆதரித்துத் தனி அறிக்கை எழுதினார்.

1918 நவம்பரில் யுத்தம் நின்றது. 1919ல் யுத்தத்துக்கு முந்திய நடைமுறைகளைத் திரும்பக் கொண்டுவரும் சட்டம் ஒன்று நிறைவேறியது. தொழிற்சாலைகளில் பெண்கள் வகித்த இடங்களை ஆண்களுக்கு மீட்டுக் கொடுப்பதற்கு அது வழி செய்தது. ரயில்வேயிலும் பெண்கள் பெருந்தொகையாக விடுவிக்கப்பட்டனர். திரும்பி வந்த வீரனுக்கு அவனது வேலையைக் கொடுக்க வேண்டியது கடமை. அதை எவரும் மறுக்க மாட்டார். ஆனால் திரும்பி வராதவனுடைய இடம் எத்தனை இருந்தது? அந்த இடத்தில் நான்கு ஆண்டு உழைத்தவள், வீரனின் விதவையாகவே இருந்தாலும், யுத்த காலத்துக்கு மட்டும் என்று எழுதிச் சேர்க்கப்பட்டவளாகையால் அவளுக்கு சீனியாரிட்டி இல்லை.

பெண்களுக்கு வோட்டுரிமை கிடைத்தது இந்தச் சேவைக்குப் பரிசு என்று பள்ளிப் புத்தகங்களில் படித்திருப்பீர்கள். 1918ல் வந்த அந்த உரிமை 30 வயது நிறைந்தவர்களுக்கு மட்டுமே, அதுவும் சொத்துத் தகுதியோடு. குண்டுத் தொழிற்சாலைகளிலும் ஸ்டேஷன்களிலும் உழைத்தவர்களில் பெரும்பாலோர் இளம் பெண்கள். பரிசு, உழைத்தவளின் அம்மாவுக்குப் போயிற்று! 1928ல்தான் ஆண்களைப் போலவே 21 வயதில் வோட்டு வந்தது.

இருபது ஆண்டுகள் கழிந்தன. 1939ல் மீண்டும் யுத்தம். முதல் யுத்தத்தில் பெண்கள் இவ்வேலைகளைப் பார்த்தார்கள் என்பதே மறந்துபோனது போல, 'இவர்களால் முடியுமா?' என்ற பழைய விசாரணை முதலிலிருந்து தொடங்கியது. அதற்கு நெடுநாள் இடம் கிடைக்கவில்லை. 1941 டிசம்பரில் மணமாகாத 20 முதல் 30 வயது வரையுள்ள பெண்களைக் கட்டாய தேச சேவைக்கு அழைக்கச் சட்டம் வந்தது. ரயில்வேயில் பெண்களின் தொகை ஒரு லட்சத்தைத் தாண்டியது.

இந்த யுத்தத்தில் இரவு வேலையின் தன்மையே மாறிவிட்டது. ஜெர்மன் விமானங்களுக்கு அஞ்சி விளக்குகளை மறைத்திருந்தார்கள். எதிரிப் படை தரையிறங்கினால் இடம் தெரியக்கூடாது என்று 1940ல் ஸ்டேஷன் பெயர்ப் பலகைகளையும் எடுத்துவிட்டார்கள். இருட்டில் வண்டி நிற்கிறது. எந்த ஊர் என்று பிரயாணிக்குத் தெரியாது. பிளாட்பாரம் எந்தப் பக்கம் என்பதுகூடத் தெரியாது. அப்போது பெண் போர்ட்டர் வண்டியின் நீளத்துக்கும் நடந்து ஊரின் பெயரைக் கூவிக்கொண்டே போவாள். அந்தக் குரலை நம்பித்தான் பிரயாணிகள் இறங்கினார்கள்.

சிக்னல் கேபின் வேலையை நம் காலனியில் பலர் நன்கு அறிவார்கள். மணியடிப்புக் குறிகளை மனப்பாடமாக வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்த கேபின் ஒப்புக்கொள்ளாமல் வண்டியை விடக்கூடாது. ஒவ்வொன்றையும் நேரம் குறித்து எழுத வேண்டும். தூரத்துச் சிக்னலின் கம்பி நீளமானால் லீவர் கனக்கும். கையில் துணியைப் பிடித்துக்கொண்டு, காலை ஊன்றி, உடம்பின் எடையை முழுதும் கொடுத்துத்தான் இழுக்க வேண்டும். புஜபலம் உள்ளவனுக்கும் முறை தெரியாவிட்டால் அது அசையாது. பிரிட்டனில் பெண்கள் பயிற்சி பெற்று, தேர்வு எழுதி, தனியாகக் கேபினைப் பொறுப்பேற்றார்கள். ஒரு கேபினில் தனியாக இருக்கும் ஒருவர் தவறினால் என்ன ஆகும் என்பது இங்குள்ளவர்களுக்குத் தெரியும். அந்தப் பொறுப்பை ஒரு தேசம் பெண்களிடம் ஒப்படைத்தது.

ஒரே ஓர் இடத்துக்கு மட்டும் அவர்களை விடவில்லை. அது எஞ்சின். லோகோ ஷெட்டில் எஞ்சினைத் துடைக்கலாம், சாம்பலை அள்ளலாம். மேலே ஏறி ஓட்டக்கூடாது. நீராவிக் காலத்தில் கிளீனராகச் சேர்ந்து, ஃபயர்மேனாகி, டிரைவராவதே ஏணி. ஆணுக்கு அது ஏணி. பெண்ணுக்கு அதில் முதற்படி மட்டும். கரி அள்ளிப் போடுவது பெண்ணின் உடலுக்கு ஆகாது என்றார்கள். அதே ஆண்டுகளில் ரஷ்யாவில் என்ன நடந்தது? எலேனா சுக்னியூக் என்னும் பெண் டிரைவர் நீராவி எஞ்சினில் போர்முனைப் பகுதிக்கு வண்டிகளைக் கொண்டு சென்றார். 1943ல் சோஷலிச உழைப்பு வீரர் என்ற உயர்ந்த விருது அவருக்கு அளிக்கப்பட்டது. ரஷ்யாவின் கரி இங்கிலாந்துக் கரியைவிட இலேசானதன்று.

எஞ்சினில் ஏறவிடாத அதே பிரிட்டன், ஆகாய விமானத்தில் ஏறவிட்டது என்பது இன்னொரு விந்தை. தொழிற்சாலையில் செய்து முடித்த போர் விமானங்களைப் படைத் தளங்களுக்கு ஓட்டிச் சென்று ஒப்படைக்கும் துணைப்படையில் 160க்கும் மேற்பட்ட பெண்கள் இருந்தார்கள். 1943ல் அவர்களுக்கு ஆண் விமானிகளுக்குச் சமமான சம்பளமும் கிடைத்தது. ஆசிரியைகளுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 1944 மார்ச்சில் ஆசிரியைகளுக்குச் சமச் சம்பளம் என்ற திருத்தம் பார்லிமெண்டில் ஒரே ஒரு வோட்டு வித்தியாசத்தில் நிறைவேறியது. பிரதமர் சர்ச்சில் அதைத் தமது அரசின்மீதுள்ள நம்பிக்கையையே சோதிக்கும் விஷயமாக்கி, மீண்டும் வோட்டெடுத்து, ரத்துச் செய்துவிட்டார். அந்நாட்டில் சமச் சம்பளச் சட்டம் 1970ல் இயற்றப்பட்டு, 1975ன் இறுதியில் அமலுக்கு வந்தது. லண்டன் பாதாள ரயிலை முதல் பெண் டிரைவர் ஓட்டியது 1978ல்.

இதுவரை சொன்னதைக் கேட்டு, 'யுத்தம் வந்தால் பெண்ணுக்கு முன்னேற்றம் வரும்' என்று எவரேனும் முடிவு கட்டியிருந்தால், இனி நம் நாட்டில் நடந்ததைக் கேட்டுவிட்டு முடிவு செய்யும்படி வேண்டுகிறோம்.

நம் நாட்டிலும் 1942ல் பெண்கள் துணைப்படை ஒன்று அமைக்கப்பட்டது. அதில் 11,000க்கும் மேற்பட்ட பெண்கள் எழுத்து வேலை, டெலிபோன், ரகசியக் குறியீட்டுச் செய்திகள், மோட்டார் ஓட்டுதல் முதலியவற்றைச் செய்தனர். ஆங்கிலோ-இந்தியப் பெண்கள் அதில் பெருவாரியாகச் சேர்ந்தார்கள். ரயில்வேக் காலனிகளின் பழைய குடும்பங்களில் அந்த நினைவு இன்னும் இருக்கும். இது நல்ல பக்கம்.

மற்றப் பக்கம் ஜரியாவிலும் ராணிகஞ்சிலும் இருக்கிறது. யார்டில் தினந்தோறும் நிலக்கரி வேகன்களைப் பார்க்கிறோம். அக்காலத்தில் அந்த நிலக்கரி எப்படி மேலே வந்தது? சுரங்கத்தின் அடியில் கணவன் கோடரியால் கரியை வெட்டுவான். மனைவி அதைக் கூடையில் அள்ளித் தலையில் சுமந்து டப்பில் கொட்டுவாள். சந்தால், பௌரி, புயியா முதலிய சமூகத்தினர் இவ்வாறு குடும்பமாகவே கீழே இறங்கினர். சுரங்கத்தில் வேலை செய்யும் பெண்ணுக்குக் 'கமின்' என்று பெயர். நிலத்தடியில் பெண்களை வேலைக்கு வைப்பது தீங்கு என்று உலகெங்கும் எதிர்ப்பு எழுந்ததால், 1929ல் இயற்றிய விதிகளின்படி அவர்களைப் படிப்படியாகக் குறைத்து, 1937ல் முற்றிலும் தடை செய்தார்கள்.

யுத்தம் வந்தது. வங்காளத்திலும் அஸ்ஸாமிலும் விமான நிலையங்களும் ராணுவக் கட்டடங்களும் எழும்பின. அங்கே கூலி அதிகம், ஆபத்து குறைவு. சுரங்கத் தொழிலாளர்கள் மேலே வெளிச்சத்துக்குப் போய்விட்டார்கள். நிலக்கரி குறைந்தது. நிலக்கரி இல்லாவிட்டால் வண்டி ஓடாது. வண்டி ஓடாவிட்டால் படைக்குத் தளவாடம் போகாது, ஊருக்கு உணவு போகாது. வங்காளப் பஞ்சத்தில் மக்கள் மடிந்துகொண்டிருந்த 1943 ஆம் ஆண்டு அது. கூலியை உயர்த்தி ஆண்களைத் திரும்ப அழைப்பது ஒரு வழி. சர்க்கார் வேறு வழியை எடுத்தது. 1943ல் தடையைத் தளர்த்திப் பெண்களை மீண்டும் சுரங்கத்துக்குள் இறக்கியது.

அப்போது வைஸ்ராயின் நிர்வாகக் கவுன்சிலில் தொழிலாளர் இலாகா டாக்டர் அம்பேத்கரிடம் இருந்தது. 1943 டிசம்பரில் அவர் ஜரியாப் பகுதிக்கு நேரில் வந்து சுரங்கத்துக்குள் இறங்கிப் பார்த்தார். அகில இந்திய மாதர் மாநாடு இந்த முடிவைக் கண்டித்தது. 1944 பிப்ரவரியில் மத்திய சட்டசபையில் காரசாரமான விவாதம் நடந்தது. இது அவசர காலத்துக்கு மட்டும் என்றும், ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்ற நிபந்தனையோடு செய்திருக்கிறோம் என்றும் அம்பேத்கர் பதில் கூறினார். லண்டன் கண்டக்டர்கள் வேலை நிறுத்தம் செய்தும் பெறாத சமக் கூலி, ஜரியாவின் கமினுக்கு வாக்களிக்கப்பட்டது என்பதை எண்ணிப் பாருங்கள். அம்பேத்கரின் நோக்கத்தில் நமக்கு ஐயமில்லை. தொழிலாளர் நலனுக்கு அவர் அந்தப் பதவியிலிருந்து செய்தவை மிகப் பல. ஆயினும் எதிர்த்த மாதர் பக்கமே நியாயம் மிகுதி என்பது நமது கருத்து. ஆண்கள் அந்தக் கூலிக்கு வேண்டாம் என்று விட்டுப்போன இருட்டில், வேறு போக்கில்லாத பெண்களை இறக்கியது சமத்துவமாகாது.

1946 பிப்ரவரியில் தடை மீண்டும் வந்தது. நல்லது என்று நாம் சொல்லலாம். கமினின் வீட்டில் என்ன சொல்லியிருப்பார்கள்? கணவனும் மனைவியும் சேர்ந்து நிரப்பிய டப்புக்கு வந்த கூலியில் பாதி போயிற்று. மேலே அவளுக்கு வேலை வேண்டுமே என்ற கவலை விதியை எழுதியவர்களுக்கு இருந்ததாகத் தோன்றவில்லை. வேலை கொடுக்கும்போதும் அவளைக் கேட்கவில்லை, எடுக்கும்போதும் கேட்கவில்லை.

தமிழ்ச் சங்கத்தில் நின்று பேசும்போது மலாயாத் தோட்டத்துப் பெண்களை விட்டுவிட முடியாது. 1943ல் சிங்கப்பூரில் நேதாஜி அமைத்த ஜான்சி ராணி படைப்பிரிவைத் தலைமை தாங்கியவர் டாக்டர் லட்சுமி. சென்னையில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, 1940ல் சிங்கப்பூர் சென்றவர். இரண்டாம் நிலையில் இருந்தவர் ஜானகி தேவர், மலாயாவில் வளர்ந்த தமிழ்ப் பெண். அணியில் நின்றவர்களில் மிகப் பலர் ரப்பர்த் தோட்டத் தமிழ்க் குடும்பங்களின் பெண்கள். விடியலில் பால் வெட்டிய கைகள் துப்பாக்கி பிடித்தன; சேலை கட்டியவர்கள் கால்சட்டையும் பூட்ஸும் அணிந்து அணிவகுத்தனர். 1945ல் பர்மாவிலிருந்து பின்வாங்கும்போது, குண்டு வீச்சுக்கிடையே நாட்கணக்கில் நடந்தே வந்தார்கள். இவர்களை யாரும் சட்டம் போட்டு அழைக்கவில்லை. கேட்டார்கள், தாமாக வந்தார்கள். யுத்தம் முடிந்ததும் பெரும்பாலோர் மீண்டும் தோட்டத்துக்கே போனார்கள். சுதந்திர இந்தியாவின் ராணுவம் மருத்துவப் பிரிவுகளுக்கு வெளியே பெண் அதிகாரிகளைச் சேர்க்கத் தொடங்கியது 1992ல்.

இனி நம் ரயில்வேக்கு வருவோம். சதாரா மாவட்டத்தைச் சேர்ந்த சுரேகா யாதவ் 1980களின் பிற்பகுதியில் எஞ்சினில் ஏறினார். நம் நாட்டின் முதல் பெண் டிரைவர் அவரே. 2000 ஆம் ஆண்டு மும்பையில் மகளிர் சிறப்பு லோக்கல் வண்டியை ஓட்டினார். 2023ல் வந்தே பாரத் வண்டியை ஓட்டினார். 2025 செப்டம்பரில் ஓய்வு பெற்றார். யுத்தம் எதுவும் வரவில்லை. ஆண்கள் எவரும் படைக்குப் போகவில்லை. விண்ணப்பம் போட்டு, தேர்வு எழுதி, முறைப்படி வந்தவர். ஆகையால் அவரை யாரும் யுத்தம் முடிந்தது, வீட்டுக்குப் போ என்று சொல்ல முடியவில்லை. அவருக்குப் பின் நூற்றுக் கணக்கான பெண்கள் அந்த ஏணியில் ஏறியிருக்கிறார்கள்.

கஷ்டம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டோம். காலனியில் மகளை அனுப்பத் தயங்கும் பெற்றோர் 'உடம்பு தாங்குமா?' என்று கேட்கிறார்கள். டீசல், மின்சார எஞ்சினில் கரி அள்ள வேண்டியதில்லை. அந்தக் கேள்வி நீராவியோடு போயிற்று. கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. எஞ்சினில் கழிப்பறை உண்டா? முதன்முதலாக ஒரு எஞ்சினில் அதை வைத்ததே 2016ல். போய்ச் சேரும் ரன்னிங் ரூமில் பெண்களுக்குத் தனி அறையும் தாழ்ப்பாளும் உண்டா? கேங்கில் வேலை செய்யும் பெண்ணுக்குச் செக்ஷன் நடுவே ஒதுங்க இடம் உண்டா? நள்ளிரவில் டூட்டி முடிந்தால் குவார்ட்டர்ஸுக்கு எப்படி வருவாள்? இவற்றுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் பெண்கள் அல்லர். ஆபீஸ்களும், யூனியன்களும், அவற்றில் அங்கத்தினராக இருக்கும் நாமும்தான். தகப்பன்மார் இந்தக் கேள்விகளை மகளிடம் கேட்பதை விட்டு யூனியன் கூட்டத்தில் எழுந்து கேட்டால் பயன் உண்டு.

சுரங்கத்தைப் பற்றி ஒரு செய்தி பாக்கி இருக்கிறது. 1952 ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டமும் பெண்களை நிலத்தடியில் அனுமதிக்கவில்லை. 2019 ஜனவரியில் மத்திய அரசு ஓர் அறிவிக்கை வெளியிட்டு, தொழில்நுட்ப, மேற்பார்வை, நிர்வாகப் பணிகளுக்குப் பெண்கள் பகல் நேரத்தில் நிலத்தடிச் சுரங்கத்தில் இறங்கலாம் என்று அனுமதித்தது. அவர்கள் எழுத்து மூலம் சம்மதம் தரவேண்டும் என்பது நிபந்தனை. 2021ல் ஜார்க்கண்டின் சுரி சுரங்கத்தில் ஒரு பெண் சுரங்க எஞ்சினீயர் பொறுப்பேற்றார். ஜரியாவும் அதே மாநிலத்தில்தான் இருக்கிறது. இம்முறை இறங்கியவர் தலைக் கவசமும் விளக்கும் அணிந்து, சம்மதக் கடிதத்தில் கையெழுத்திட்டு இறங்கினார்.